மகளின் பிரிட்டன் விசா: ஏஜென்சியிலும் அரசின் இணையதளத்திலும் எங்களுக்குக் கிடைத்த சேவை

என் மகளுக்கு 2024 செப்டம்பரில் தஞ்சாவூரில் திருமணம் நடந்தது. மருமகன் சிறு வயதிலேயே பெற்றோருடன் இங்கிலாந்துக்குப் போய், லெஸ்டர் நகரில் வளர்ந்து, அங்கேயே ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளராக வேலை பார்க்கும் பிரிட்டிஷ் குடிமகன். திருமணம் முடிந்த மூன்றாம் வாரம் அவர் திரும்பிப் போனார். மகள் அவரிடம் போய்ச் சேர்ந்தது 2025 நவம்பரில். இடைப்பட்ட பதினான்கு மாதங்களில் நாங்கள் இரண்டு சேவைகளைப் பயன்படுத்தினோம். ஒன்று, எங்கள் ஊரில் பணம் வாங்கிக்கொண்டு விசா விண்ணப்பம் தயாரித்துத் தரும் ஒரு ஏஜென்சி. மற்றொன்று, யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய பிரிட்டன் அரசின் கவ்.யூகே இணையதளமும் அதில் வெளியாகியிருக்கும் குடிவரவு விதிகளும். இதே விசாவுக்காகப் பெண்ணையோ பிள்ளையையோ அனுப்பக் காத்திருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் இரண்டையும் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

ஏஜென்சியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர்கள் கேட்ட மொத்தக் கட்டணம் 48,000 ரூபாய். முன்பணமாக 20,000 கட்டினோம். அலுவலகம் சுத்தமாக இருந்தது, மரியாதையாகப் பேசினார்கள், தொலைபேசியில் அழைத்தால் எடுத்தார்கள். முதல் நாளே ஒரு காகிதத்தில் தேவையான ஆவணங்களின் பட்டியலை அச்சிட்டுத் தந்தார்கள். அந்தப் பட்டியலில்தான் சிக்கல் தொடங்கியது, ஏனென்றால் அது எங்கள் மகளுக்கு உரிய விசாவின் பட்டியலே அல்ல.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வேலை விசாவில் பிரிட்டனுக்குப் போனவரின் மனைவி, அவரைச் சார்ந்தவர் என்ற வகையில் விண்ணப்பிக்கிறார். அவருக்குக் குறைந்தபட்ச வருமான நிபந்தனை கிடையாது. பொதுவாக 285 பவுண்டு தொடர்ந்து 28 நாட்கள் வங்கியில் இருந்ததைக் காட்டினால் போதும். கணவர் பிரிட்டிஷ் குடிமகனாகவோ அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவராகவோ இருந்தால் மனைவிக்கு உரியது துணைவர் விசா. அதன் விதிகள் ‘அப்பென்டிக்ஸ் எஃப்எம்’ என்ற தனிப் பகுதியில் இருக்கின்றன, அவை பல மடங்கு கடுமையானவை. எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டுப் பிள்ளைகள் ஐ.டி. வேலைக்குப் போய் மனைவியை அழைத்துக்கொண்டார்கள். ‘அவர்களுக்கு இரண்டு மாதத்தில் வந்துவிட்டதே’ என்று உறவினர்கள் எங்களிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். உறவினர்கள் குழம்புவது இயல்பு. பணம் வாங்கும் ஏஜென்சியும் அதே குழப்பத்தில் இருந்ததுதான் என்னை அதிர வைத்தது.

துணைவர் விசாவின் முதுகெலும்பு வருமான நிபந்தனை. 2012 ஜூலையில் இந்த விதி வந்தபோது, அழைப்பவரின் ஆண்டு வருமானம் குறைந்தது 18,600 பவுண்டு இருக்க வேண்டும் என்றிருந்தது. 2024 ஏப்ரல் 11 முதல் அது 29,000 பவுண்டாக உயர்ந்தது. எங்கள் மருமகனின் ஆண்டுச் சம்பளம் 27,400. அதாவது 1,600 பவுண்டு குறைவு. இதை ஏஜென்சியில் சொன்னதும், மகள் திருச்சியில் வாங்கும் சம்பளத்தைச் சேர்த்துக் காட்டிவிடலாம் என்றார்கள். அது போதாவிட்டால், விண்ணப்பிப்பதற்கு ஒரு வாரத்துக்கு முன் ஒரு பெரிய தொகையைக் கணக்கில் போட்டு, ஸ்டேட்மென்ட் எடுத்த பிறகு திருப்பி எடுத்துக்கொள்ளலாம், அதற்கும் ஆள் இருக்கிறார்கள் என்றார்கள்.

நான் ஒரு பொதுத்துறை வங்கியில் முப்பத்தோரு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். கடன் வாங்கிய பணத்தைச் சொந்தச் சேமிப்பாகக் காட்டும் கணக்குகளை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவற்றைக் கண்டுபிடிப்பது கடினமே அல்ல. அன்றிரவு மகளும் நானும் கணினியின் முன் உட்கார்ந்து கவ்.யூகே தளத்தில் அந்த விதியைத் தேடிப் படித்தோம். ஏஜென்சி சொன்ன இரண்டுமே தவறு. வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் துணைவர் தன் நாட்டில் வாங்கும் சம்பளம் கணக்கில் சேராது. சேமிப்பைக் காட்டுவதானால், அது குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து தம்பதியரில் ஒருவரது அல்லது இருவரது கட்டுப்பாட்டிலும் இருந்திருக்க வேண்டும். பொய்யான தகவல் தந்தது தெரிந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதோடு, பத்து ஆண்டுகள் வரை மீண்டும் விசா பெற முடியாத நிலையும் வரலாம். ஒரு புதுமணப் பெண்ணின் வாழ்க்கையைப் பத்து ஆண்டுகள் முடக்கக்கூடிய யோசனையை, காபி கொடுத்து உபசரித்துக்கொண்டே அவர்கள் சொன்னார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. முன்பணத்தைத் திருப்பிக் கேட்டேன், தரவில்லை.

அதே விதியிலேயே எங்களுக்கு வழியும் இருந்தது. சம்பளம் குறைந்தால் அந்தக் குறையைச் சேமிப்பால் ஈடுகட்டலாம். அதற்கான கணக்கு இதுதான்: சேமிப்பில் முதல் 16,000 பவுண்டை விட்டுவிட வேண்டும், அதற்கு மேல் இருப்பதை 2.5 ஆல் வகுத்தால் வருவது சம்பளத்தோடு சேரும். எங்களுக்குக் குறையாக இருந்தது 1,600, அதை 2.5 ஆல் பெருக்கினால் 4,000. ஆக மொத்தம் 20,000 பவுண்டு சேமிப்பு தேவை. வருமானமே இல்லாமல் முழுவதும் சேமிப்பைக் கொண்டே விண்ணப்பிப்பவருக்கு இதே கணக்கில் 88,500 பவுண்டு வரும். மருமகனிடம் 13,000 பவுண்டு ஏற்கனவே வங்கியில் இருந்தது. மீதி 7,000 பவுண்டு மகளின் கணக்கில் இருந்தாலும் செல்லும், அது இந்திய வங்கியில் ரூபாயாக இருந்தாலும் செல்லும், பெற்றோர் கொடுத்த அன்பளிப்பாக இருந்தாலும் செல்லும். கடனாக மட்டும் இருக்கக் கூடாது.

2025 ஜனவரி இறுதியில், எனக்கு ஓய்வின்போது கிடைத்த பணத்திலிருந்து 9 லட்சம் ரூபாயை மகளின் கணக்கில் போட்டேன். அது அன்பளிப்பு, திருப்பிக் கேட்கும் எண்ணமில்லை என்று கையெழுத்திட்ட கடிதத்தையும், என் கணக்கிலிருந்து அவள் கணக்குக்குப் பணம் போனதைக் காட்டும் என் ஸ்டேட்மென்ட்டையும் கோப்பில் வைத்தேன். அப்போது ஒரு பவுண்டு 107 ரூபாயை ஒட்டி இருந்தது; அந்த விலையில் ஏழரை லட்சம் போட்டிருந்தாலே 7,000 பவுண்டு ஆகியிருக்கும். ஆனால் அந்நியப் பணத்தைப் பவுண்டாக மாற்றும்போது, விண்ணப்பம் செய்யும் நாளின் மாற்று விகிதத்தைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ஆகஸ்டில் நாங்கள் விண்ணப்பித்தபோது பவுண்டு 117 ரூபாயை எட்டியிருந்தது. ஏழரை லட்சத்தோடு நின்றிருந்தால் அது 6,400 பவுண்டு அளவுக்குச் சுருங்கி, ஆறு மாதக் காத்திருப்பும் வீணாகி, கட்டணமும் போயிருக்கும். இந்த ஒரு விஷயத்தை எந்த ஏஜென்சியும் எந்த உறவினரும் எங்களிடம் சொல்லவில்லை. வெளிநாட்டுப் பணத்தோடு கணக்குப் பார்த்துப் பழகிய என் தொழில் எனக்குக் கைகொடுத்தது.

அந்த ஆறு மாதங்களில் கணக்கில் இருந்த மிகக் குறைந்த இருப்புதான் சேமிப்பாகக் கருதப்படும். ஆகவே ஒரே ஒரு நாள் இருப்பு குறைந்தாலும் அந்தக் குறைந்த தொகையே நிற்கும். ஆடி மாதம் தள்ளுபடியில் நகை எடுக்கலாமே என்று மனைவி கேட்டபோது, அந்தக் கணக்கைத் தொடவே கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தது இதனால்தான். வைப்பு நிதியில் போட்டு வைப்பதும் செல்லும், முதிர்வுக்கு முன் அபராதத்தோடாவது உடனே எடுக்க முடியும் என்றால். பூட்டிப் போட்ட முதலீடு உதவாது.

தேதி விஷயத்திலும் இதே கண்டிப்பு. மருமகனின் ஆறு மாதச் சம்பளச் சீட்டுகள், அந்தச் சம்பளம் வரவு வைக்கப்பட்டதைக் காட்டும் அதே ஆறு மாத ஸ்டேட்மென்ட், வேலையையும் சம்பளத்தையும் உறுதி செய்யும் முதலாளியின் கடிதம் ஆகியவை வேண்டும். அவற்றில் கடைசித் தாளின் தேதி, விண்ணப்பிக்கும் நாளுக்கு 28 நாட்களுக்குள் இருக்க வேண்டும். சீட்டில் உள்ள நிகரத் தொகையும் ஸ்டேட்மென்ட்டில் உள்ள வரவும் பைசா பிசகாமல் ஒத்துப்போகின்றனவா என்று ஒவ்வொரு மாதத்தையும் பென்சிலால் டிக் செய்து சரிபார்த்தேன். மே மாதத்தில் மட்டும் 40 பவுண்டு இடித்தது. விசாரித்ததில், நிறுவனம் ஒரு பயணச் செலவைச் சம்பளத்தோடு சேர்த்து அனுப்பியிருந்தது தெரிந்தது. முதலாளியின் கடிதத்தில் அதற்கென்று ஒரு வரி எழுதி வாங்கினோம். இப்படிப்பட்ட சின்ன முரண்பாடு நிராகரிப்புக்குக் காரணமாகியிருக்குமா என்பதை விட, அதைப் பார்க்கும் அதிகாரி ஒரு கேள்வியோடு பக்கத்தைத் திருப்பும்படி நாம் விடக் கூடாது என்பதே என் எண்ணம்.

திருமணத்துக்கான ஆதாரம் எங்களுக்கு எளிதாகவே அமைந்தது. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009இன்படி 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்திருந்தோம். தமிழில் உள்ள ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அதில் மொழிபெயர்ப்பு துல்லியமானது என்ற உறுதிமொழி, தேதி, மொழிபெயர்ப்பாளரின் முழுப்பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் எல்லாம் இருக்க வேண்டும். ஏஜென்சியைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்று உண்டு என்றால் அது இதுதான்: அவர்கள் அனுப்பிய மொழிபெயர்ப்பாளர் தம் வேலையை மிகச் சரியாகச் செய்தார்.

பெயர் விஷயம் எங்களைப் போன்ற எல்லாத் தமிழ்க் குடும்பங்களுக்கும் வருவது. மகளின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் என் பெயர் முழுமையாக இருக்கிறது; கல்விச் சான்றிதழில் ஒற்றை இனிஷியல்; வங்கிக் கணக்கில் இனிஷியல் பின்னால் வருகிறது. ஏஜென்சியில் அரசிதழில் பெயர் மாற்றம் செய்தே ஆக வேண்டும் என்று அதற்குத் தனிக் கட்டணம் சொன்னார்கள். நாங்கள் செய்யவில்லை. தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் வழக்கமில்லை, தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னொட்டாக வரும், மூன்று ஆவணங்களில் உள்ளவரும் ஒருவரே என்று ஒரு பக்கத்தில் விளக்கி மகள் எழுதிய கடிதமே போதுமானதாக இருந்தது.

உறவு உண்மையானது என்பதைக் காட்டும் பகுதியில்தான் என் மகள் அதிக நேரம் செலவிட்டாள். இருவரும் முதன்முதலில் நேரில் சந்தித்தது எப்போது, எங்கே என்று படிவம் கேட்கிறது. பெரியோர் பார்த்து நடத்திய திருமணத்துக்கு விதியில் எந்தத் தடையும் இல்லை. நேரில் சந்தித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பெண் பார்க்க வந்த நாளின் படம் ஒன்று, நிச்சயதார்த்தம், திருமணம், 2025 ஏப்ரலில் மருமகன் மீண்டும் வந்து சென்றபோது எடுத்த படங்கள், அவருடைய விமானச் சீட்டுகள் என்று சேர்த்தாள். கல்யாண ஆல்பத்தின் அறுநூறு படங்களில் பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் கீழும் தேதியும் இடமும் படத்தில் இருப்பவர் யார் என்பதையும் ஆங்கிலத்தில் எழுதினாள். தாலி கட்டும் படத்தில் பின்னால் நிற்கும் என் மைத்துனரைத் தாய்மாமன் என்று எப்படிச் சொல்வது, அவர் அந்த இடத்தில் நிற்பதற்கு என்ன பொருள் என்று யோசித்து, ‘மணமகளின் தாயின் சகோதரர், எங்கள் வழக்கப்படி சடங்கில் அவருக்கு உரிய இடம் அது’ என்று எழுதினாள். அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆங்கிலத் தேர்வும் காசநோய்ப் பரிசோதனையும் சென்னையில் முடிந்தன. மகள் படித்தது தமிழ் வழியில் என்பதால், ஆங்கில வழிப் பட்டத்தைக் காட்டி விலக்குப் பெறும் வாய்ப்பு அவளுக்கு இல்லை. எழுதியது ஐஇஎல்டிஎஸ் லைஃப் ஸ்கில்ஸ் ஏ1, அதாவது தொடக்க நிலை ஆங்கிலத் தேர்வு. கேட்டல், பேசுதல் இரண்டு மட்டுமே. இரண்டு தேர்வர்களை ஒன்றாக உட்கார வைத்து ஒரு தேர்வாளர் சுமார் 16 முதல் 18 நிமிடத்தில் முடித்துவிடுகிறார். மதிப்பெண் கிடையாது, தேர்ச்சி அல்லது தோல்வி. ஐஇஎல்டிஎஸ் என்று பெயர் இருப்பதால் பலர் தவறான தேர்வுக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். பிரிட்டன் விசாவுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட தேர்வையும் மையத்தையும் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். காசநோய்ச் சான்றிதழும் அங்கீகரிக்கப்பட்ட மையத்திலிருந்தே வர வேண்டும், ஆறு மாதம்தான் செல்லும். ஆகவே அதை முதலில் எடுத்து வைப்பதில் பயனில்லை.

தங்கும் இடத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். மருமகன் இருப்பது ஒரு படுக்கையறையும் ஒரு கூடமும் கொண்ட வாடகை வீடு. பிரிட்டனின் 1985ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டப்படி கூடமும் அறையாகக் கணக்கில் வரும் என்பதால் இருவருக்குத் தாராளம். வாடகை ஒப்பந்தமும் வீட்டுக்காரர் கடிதமும் வைத்தோம்.

இனி அரசின் சேவையைப் பற்றி. கவ்.யூகே தளத்தின் ஆங்கிலம் எளியது. பட்டயப் படிப்போடு நின்ற என் மனைவிகூடப் படித்துப் புரிந்துகொண்டார். விதிகள் மட்டுமல்ல, அவற்றை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அதிகாரிகளுக்குத் தரப்படும் வழிகாட்டுதல்களும் பொதுவில் கிடைக்கின்றன. இது மிகப் பெரிய விஷயம். நம் விண்ணப்பத்தை மதிப்பிடுபவர் கையில் இருக்கும் அதே தாள் நம் கையிலும் இருக்கிறது. ஆனால் எல்லாம் ஒரே இடத்தில் இல்லை. வருமானத் தொகை ஒரு பக்கம், அதற்கான ஆவணங்களின் நிபந்தனை ‘அப்பென்டிக்ஸ் எஃப்எம்-எஸ்இ’ என்ற இன்னொரு பக்கம், விளக்கம் மூன்றாவது பக்கம் என்று சிதறிக் கிடக்கிறது. 28 நாள் விதி எளிய விளக்கப் பக்கத்தில் கண்ணில் படவில்லை. உள்ளே போய்த்தான் எடுத்தோம்.

விசா விண்ணப்பங்களைப் பெற்றுக்கொள்ளும் சென்னை விஎஃப்எஸ் மையத்தில் கைரேகையும் படமும் எடுத்தார்கள். ஆவணங்களை வீட்டிலிருந்தே ஸ்கேன் செய்து ஏற்றினால் கட்டணம் இல்லை; மையத்தில் செய்யச் சொன்னால் பணம் கட்ட வேண்டும். நாங்கள் வீட்டிலேயே, ஒவ்வொரு கோப்புக்கும் என்ன ஆவணம் என்று பெயரிட்டு ஏற்றினோம். சந்திப்பு அரை மணி நேரத்தில் முடிந்தது.

கட்டணத்தைப் பற்றி என் மனத்தில் பட்டதைச் சொல்லியாக வேண்டும். 2025இல் நாங்கள் விண்ணப்பித்தபோது விண்ணப்பக் கட்டணம் 1,938 பவுண்டாக இருந்தது. அதோடு அந்நாட்டு மருத்துவச் சேவைக்காக ஆண்டுக்கு 1,035 பவுண்டு வீதம், 33 மாத விசாவுக்கு மூன்று ஆண்டுக் கணக்கில் 3,105 பவுண்டு. மொத்தம் 5,043 பவுண்டு, ஏறத்தாழ ஆறு லட்சம் ரூபாய். நிராகரித்தால் மருத்துவக் கட்டணம் திரும்ப வரும், விண்ணப்பக் கட்டணம் வராது. 29,000 பவுண்டு என்ற வரம்பும் நியாயமாக எனக்குப் படவில்லை. கிடங்கில் இரவுப் பணி பார்த்து, வாடகை கட்டி, கடனில்லாமல் வாழும் ஓர் இளைஞனால் தன் மனைவியைக் காப்பாற்ற முடியாது என்று அந்த எண் சொல்கிறது. தகப்பனிடம் சேமிப்பு இருந்ததால் என் மகள் போனாள், இல்லாதவர் வீட்டுப் பெண் போக முடியாது. இந்த வருமான வரம்பை எதிர்த்த வழக்கில், வரம்பு வைப்பது சட்டப்படி செல்லும் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது; ஆனால் குழந்தைகளின் நலனையும் வேறு வருமான வழிகளையும் போதிய அளவு கருதாததைக் குறை கூறியது. சட்டப்படி செல்லும் ஒன்று குடும்பங்களைப் பிரித்தும் வைக்கலாம் என்பதை அந்தப் பதினான்கு மாதங்களில் எங்கள் வீட்டில் பார்த்தேன்.

வெளிநாட்டிலிருந்து செய்யும் துணைவர் விண்ணப்பத்துக்கு 12 வாரம் என்று குறிப்பிட்டிருந்தார்கள். எங்களுக்கு ஒன்பதாம் வாரம் முடிவு வந்தது. கூடுதல் ஆவணம் எதுவும் கேட்கவில்லை, நேர்காணலும் இல்லை. பணம் வாங்கிய ஏஜென்சிக்கு நான் தரக்கூடிய மதிப்பு ஐந்துக்கு ஒன்று, அதுவும் மொழிபெயர்ப்பாளருக்காக. அரசின் இணையச் சேவைக்கு ஐந்துக்கு நான்கு. சட்ட உதவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முந்தைய நிராகரிப்பு, முதல் திருமண விவாகரத்து, சுயதொழில் வருமானம் போன்ற சிக்கல் உள்ளவர்கள், பிரிட்டனில் குடிவரவு ஆலோசனை தர முறையாக அனுமதி பெற்ற வழக்கறிஞரையே நாட வேண்டும். நிலையான மாதச் சம்பளமும் தெளிவான ஆவணங்களும் இருப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இரண்டு மாலைப் பொழுதை ஒதுக்கி விதியைத் தாங்களே படித்துவிட வேண்டும்.

இந்த விசா 33 மாதத்துக்கு உரியது. அது முடிவதற்குள் இரண்டரை ஆண்டு நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு ஏ1க்கு அடுத்த ஏ2 நிலை ஆங்கிலமும் மீண்டும் வருமான ஆதாரமும் கேட்பார்கள். மகள் அங்கே வேலை பார்க்க அனுமதி உண்டு, நீட்டிப்பின்போது அங்கே அவள் வாங்கும் சம்பளமும் கணக்கில் சேரும் என்பதால் அப்போது யாரும் சேமிப்பைப் பூட்டி வைக்க வேண்டியிருக்காது. டிசம்பரில் அவளுக்கு லெஸ்டரில் ஒரு பள்ளியின் சமையல்கூடத்தில் பகுதி நேர வேலை கிடைத்தது. முதல் சம்பளச் சீட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறாள். அதை அச்செடுத்து, நீட்டிப்புக்கென்று திறந்த புதுக் கோப்பில் முதல் தாளாக வைத்திருக்கிறேன்.